ஒன்றரைப் பக்கம்

விருதுநகர்
18.01.2025

அன்புள்ள பாண்டிராஜுக்கு,

இங்கே நானும் பியூலாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவர்களை யாரும் இத்தனை ஊருக்குப் பேசக் கூப்பிடுவதில்லை.

கையால் எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் ஏதாவது விமான நிலையத்தில் நின்றுகொண்டு பதில் போடுவாய். போன தடவை ‘கிரேட், சுந்தர்’ என்று வந்தது. எம்.எஸ்ஸி. விடுதியில் தொடங்கிய நட்புக்கு இரண்டே சொற்கள். அதில் ஒன்று என் பெயர்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். பெயர் ‘வீக்கமா, வேறொன்றா?’ பெருவெடிப்பில் அண்டம் பிறந்த கணத்தில் கண்மூடித் திறக்கும் முன் பிரமாண்டமாக வீங்கியது என்கிற கொள்கையைப் பற்றியும், அது இல்லாமலே ஆதிக்கதையைச் சொல்லப் பார்க்கும் மற்றக் கொள்கைகளைப் பற்றியும் தமிழில் எழுதியது. பன்னிரண்டு வருட வேலை. வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் கோப்பு தயாரித்து, மிச்சமான நேரத்தில் எழுதியது. உனக்கு இது புரியாது. உனக்கு யோசிப்பதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

சிவகாசியில் ஜெயச்சந்திரன் என்று ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். தினசரிக் காலண்டரும் டைரியும் அடிக்கிறவர். சீசன் முடிந்து மிஷின் சும்மா நிற்கும் மாதங்களில் புத்தகமும் போடுவார். அவரிடம் கொண்டுபோனேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வெடிக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு பொஸ்தகமா சார்? சிவகாசியில சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. வெடிக்கு முன்னால லைசென்ஸ், வெடிச்ச பெறகு கமிட்டி.”

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னார்: “தப்பா நெனைக்காதீக. ஒங்களக் காலேஜுக்கு வெளிய யாருக்குத் தெரியும்? பெரிய ஆளு ஒருத்தர்கிட்ட முன்னால நாலு பக்கம் வாங்கியாங்க, அடிச்சிருவோம். ஏழாயிரம்பண்ணைக்காரரு ஒருத்தரு கனடாவுல இருக்காராமே, டிவியிலகூட வந்தாரே. அவுகள ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“சும்மா தெரியுமா, நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

ஆகவே கேட்கிறேன். நான்கு பக்கம் அணிந்துரை வேண்டும். புகழ வேண்டாம். படித்துவிட்டு எழுது, அது போதும். பிரதியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்
ஜெபசுந்தர்


கனடா
06.02.2025

பிரியமுள்ள சுந்தருக்கு,

ஜன்னலின் பாதிவரை பனி. கையால் தமிழ் எழுதி நாளாயிற்று. ள, ழ தகராறு இன்னும் தீரவில்லை. அன்று செய்ததுபோல் சிவப்பு மையில் திருத்திக்கொள்.

புத்தகத்தை இரண்டே அமர்வில் படித்து முடித்தேன். சுந்தர், இது அருமையான புத்தகம். இதை உனக்காகச் சொல்லவில்லை. உனக்காகச் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

அந்த விடைத்தாள் உதாரணத்தில்தான் நான் விழுந்தேன். வானத்தின் இந்தக் கோடியிலிருந்து வரும் ஆதி ஒளிக்கும் அந்தக் கோடியிலிருந்து வரும் ஆதி ஒளிக்கும் வெப்பம் ஒன்று. அந்த ஒளி புறப்பட்ட காலத்துக்குள் இரண்டு கோடிக்கும் இடையே ஒரு செய்திகூடப் போயிருக்க முடியாது. பிறகு எப்படி ஒன்றாக இருக்கிறது? நீ எழுதுகிறாய்: ராஜபாளையத்துத் தேர்வு மையத்திலிருந்து ஒரு தாள், அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தாள். இரண்டிலும் ஒரே விடை, ஒரே தவறு, ஒரே இடத்தில் அடித்தல். திருத்துகிறவன் என்ன நினைப்பான்? இருவரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், மணி அடித்ததும் பெஞ்சு நீண்டு இரண்டு ஊருக்குப் போய்விட்டது என்பது வீக்கக் கொள்கை. அன்றைக்குக் கிசுகிசு இன்றைவிட வேகமாகப் போனது என்பது ஒளியின் வேகமே மாறியது என்று சொல்லும் கொள்கை. பரீட்சைக்கு முன்பே நீண்ட காலம் இருந்தது, சாவகாசமாகப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்பது எங்களைப் போன்றவர்களின் கொள்கை. போன வாரம் இதை என் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

இனி என் சின்ன மனக்குறை. ஒளி வேகம் மாறும் கொள்கைக்கு ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கிறாய். அண்டம் நுண்ணிழைகளின் வாயுவாகத் தொடங்கியது என்பதற்கு ஒரு அத்தியாயம். திரும்பத் திரும்பப் பிறக்கும் அண்டத்துக்கு, புராணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு, இரண்டு அத்தியாயம். மெதுவாகச் சுருங்கி, பிறகு எம்பி விரிந்த அண்டத்துக்கு, அதாவது இந்த இருபது வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுகிற கொள்கைக்கு, ஒன்றரைப் பக்கம். அதிலும் அரைப் பக்கம் அடிக்குறிப்பு.

நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். 2014இல் தென் துருவத் தொலைநோக்கி ஆதி ஈர்ப்பலைகளைப் பார்த்துவிட்டது என்று ஊரே கூத்தாடியது நினைவிருக்கிறதா? அந்த அலை உண்மை என்றால் என் கொள்கை செத்தது. உடனே உன்னிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. அத்தனை உற்சாகமான அனுதாபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு அது நம் விண்மீன் மண்டலத்துத் தூசி என்று தெரிந்தது. அதற்கு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை.

அணிந்துரை எழுதுகிறேன். நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் வாசகனுக்காகச் சொல்கிறேன், எம்பிய அண்டம் இல்லாமல் இந்தப் புத்தகம் ஒரு கால் குட்டை.

முடிந்தால் அம்மாவை ஒரு நடை பார்த்துவிட்டு வா. போனில் நல்லா இருக்கேன் என்கிறாள். எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

உன்,
பாண்டி


விருதுநகர்
24.02.2025

அன்புள்ள பாண்டிராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. ள, ழ பிழைகள் ஒன்பது. திருத்திவிட்டேன்.

என் உதாரணத்தை வகுப்பில் சொன்னாய், சந்தோஷம். யார் எழுதியது என்று சொன்னாயா? சொன்னாய் என்றால், பெயரைச் சொன்னாயா, ‘ஊரில் என் நண்பர் ஒருவர்’ என்றாயா? இது முக்கியமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணம் கேட்காமல் நீயே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாய். காரணம் இயற்பியல். அண்டம் சுருங்கினால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகவா சுருங்கும்? ஒரு பக்கம் நசுங்கும், இன்னொரு பக்கம் பிதுங்கும். ஆரம்பத்தில் இருந்த சின்னக் கோணல் கடைசியில் பெரிய கோரமாகிவிடும். சரி, அதையும் தாண்டினாய் என்றே வைத்துக்கொள். சுருங்குகிற அண்டம் எந்த இடத்தில், எந்த விதியின்படி திரும்பி விரியத் தொடங்குகிறது? உன் கட்டுரைகள் ஒவ்வொன்றையும் நான் படித்திருக்கிறேன். அந்த இடம் வந்ததும் நீ சமன்பாட்டை விட்டுவிட்டு ‘ஏற்றுக்கொள்வோம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிப்போகிறாய். நான் வகுப்பில் அப்படித் தாண்டினால் மேஜையைத் தட்டுவார்கள். நீ தாண்டினால் மாநாட்டில் கை தட்டுகிறார்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 96இல் நாம் இரண்டு பேரும் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனோம். ஆராய்ச்சிக்கு ஒரே இடம். வானத்தின் இரண்டு கோடியும் ஏன் ஒரே வெப்பம் என்று ரயிலில் விழுப்புரம் தாண்டும்போது உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உனக்கு அதுவரை அது ஒரு கேள்வி என்பதே தெரியாது. மறுநாள் உள்ளே உன்னிடம் அதையேதான் கேட்டார்கள். என்னிடம் மின்மாற்றியைப் பற்றிக் கேட்டார்கள். வெளியே வந்து நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். நானும் கட்டிப்பிடித்தேன். என் கை மட்டும்தான் கட்டியது.

அம்மாவைப் பார்க்க ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். பட்டாசு ஆபீஸ் வேன்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம். அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“வாங்க சாரு. என் மவன் அனுப்புனானா, நீங்களா வந்தீகளா?”

“அவன்தாம்மா அனுப்பினான்.”

“அதான பாத்தேன். சாப்பிட்டீகளா?”

முழங்கால் வலி உண்மை. அதோடு இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போய் வந்ததும் உண்மை. அதை உன்னிடம் சொல்ல வேண்டாமாம். நீ கட்டிக்கொடுத்த வீட்டில் பின்பக்கத்து ஒரு அறையில் மட்டும்தான் புழங்குகிறார். உன்னைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஒலகம் எம்பிக் குதிச்சு வந்துச்சுன்னு சொல்லுறானாம்ல. இவன் சின்னதுல அப்பிடித்தான் சாரு, ஒரு எடத்துல நின்னு சோறு திங்க மாட்டான்.”

எம்பிய அண்டத்துக்கு ஒரு அத்தியாயம் எழுதுகிறேன். உனக்காக இல்லை. அதில் இருக்கும் ஓட்டையை ஒன்றரைப் பக்கத்தில் சரியாகக் காட்ட முடியாது என்பதற்காக.

இப்படிக்கு,
ஜெபசுந்தர்


கனடா
17.03.2025

பிரியமுள்ள சுந்தருக்கு,

பெயரைச் சொன்னேன். பலகையில் ஆங்கிலத்தில் எழுதியும் போட்டேன்: ஜெபசுந்தர், விருதுநகர். முன்வரிசைப் பையன் ஒருவன் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஊரின் பெயரே சுலபம், அதை வைத்துக்கொள்கிறேன் என்றான். இப்போது என் வகுப்பில் அதற்கு ‘விருதுநகர் உதாரணம்’ என்று பெயர்.

உன் கேள்விகள் சரியான கேள்விகள். இங்கே என் பக்கத்து அறைக்காரர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கோணல் பெருகும் என்றாய். சாதாரணமாகச் சுருங்கினால் பெருகத்தான் செய்யும். நாங்கள் சொல்லும் சுருக்கம் மிக மிக மெதுவானது. அதை நடத்துகிற புலத்தின் அழுத்தம் பிரமாண்டமானது. சுருங்கச் சுருங்க அதன் பலம் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக ஏறும், கோணல்களின் பலத்தையும்விட வேகமாக. அதனால் கோணல் கவனிக்க ஆளில்லாமல் போய்விடுகிறது. கணினியில், வேண்டுமென்றே அலங்கோலமான அண்டத்தைக் கொடுத்துப் பார்த்தோம். வழவழவென்றுதான் வெளியே வந்தது. வீக்கம் எவ்வளவு வேகமாக நடந்தது என்று எல்லாரும் வியக்கிறார்கள். நாங்கள் கேட்பது, வேகம் எதற்கு, நேரம் நிறைய இருந்திருந்தால் போதாதா என்பதுதான்.

திரும்பும் இடம்? அங்கே நீ ஜெயித்தாய். அது எங்களுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. வழி என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய விதியை மீறச் சொல்கிறது. ‘ஏற்றுக்கொள்வோம்’ என்று எழுதும்போது எனக்கும் கை கூசும். இதை நீ அப்படியே அத்தியாயத்தில் போடு. நானே ஒப்புக்கொண்டேன் என்றும் போடு.

புதிய தொலைநோக்கிகள் ஆதி ஈர்ப்பலையைத் தேடிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால் என் இருபது வருடமும் போயிற்று. அன்றைக்கு மறுபடி ஒரு அனுதாபக் கடிதம் எழுது. நிதானமாக, நல்ல தமிழில் எழுது.

அணிந்துரையை இதோடு வைத்திருக்கிறேன். விழுப்புரம் அதில் இருக்கிறது.

உன்,
பாண்டி


விருதுநகர்
28.04.2025

அன்புள்ள பாண்டிக்கு,

அணிந்துரை கிடைத்தது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே, கேட்டுக்கு வெளியில் நின்று படித்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று பியூலா உள்ளேயிருந்து கத்தினாள்.

முதல் பத்தியில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ‘அண்டம்’ என்ற சொல் மிகுதி. இரண்டாவது பத்தியில் ரயிலையும், வேர்க்கடலைப் பொட்டலத் தாளில் நான் படம் போட்டுக் காட்டியதையும், ‘இந்தத் துறையில் நான் கேட்ட முதல் கேள்வி என்னுடையது அல்ல, இந்த நூலின் ஆசிரியருடையது’ என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தி கொஞ்சம் நீளம். இருக்கட்டும்.

பொட்டலத் தாளை நான் மறந்துவிட்டிருந்தேன்.

அத்தியாயம் முடிந்தது. இருபத்திரண்டு பக்கம் வந்துவிட்டது. புத்தகத்திலேயே பெரியது அதுதான் என்பதை ஜெயச்சந்திரன் அச்சுக்கோத்த பிறகுதான் கவனித்தேன். எம்பிய அண்டத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. வீக்கத்தின்மேல் இருந்த நம்பிக்கைதான் ஆட்டம் கண்டிருக்கிறது. எதைக் கண்டுபிடித்தாலும் ‘அதற்கும் எங்கள் கொள்கையில் இடமுண்டு’ என்கிறார்கள். எந்த விடை எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்றால் அது பரீட்சை இல்லை. நீயாவது எது கிடைத்தால் தோற்பாய் என்று சொல்லிவிட்டு நிற்கிறாய். அந்த மட்டில் உன் பக்கம்.

பியூலா கேட்டாள்: “என்ன, ரெண்டு நாளா முனங்கிப் பாடிக்கிட்டு இருக்கீக?” நான் பாடவில்லை. ஆலயத்தில்கூட நான் பாடுவதில்லை.

ஜூனில் கல்லூரி திறந்ததும் வெளியீடு. நீ வர முடியாது என்று தெரியும். வந்தால் கூட்டம் உன்னைப் பார்க்கத்தான் வரும். ஆகவே வராததும் நல்லதுதான். இதை நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

அன்புடன்,
சுந்தர்


விருதுநகர்
09.06.2025

திரு. பாண்டிராஜ் அவர்களுக்கு,

இன்று சிவகாசிக்குப் போனேன். ஜெயச்சந்திரன் கோயம்புத்தூர் போயிருந்தார். பைண்டிங் அறையில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் புத்தகத்தை முதல் தடவையாகக் கையில் எடுத்தேன்.

முகப்பின் உச்சியில் தங்க எழுத்தில் உங்கள் பெயர். பேராசிரியர் டாக்டர் பா. பாண்டிராஜ், கனடா. அதன் கீழே கோட்டு சூட்டில் உங்கள் படம். அதற்கும் கீழே புத்தகத்தின் தலைப்பு. அடியில், அச்சகத்தின் முகவரி வரவேண்டிய இடத்தில், அந்த அளவு எழுத்தில், ‘எழுத்து: ஜெபசுந்தர்’.

“இது என்ன?” என்று கேட்டேன்.

பைண்டிங் செய்யும் கோட்டைச்சாமி தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: “இதா சார்? கனடா சார் ஆர்டரு. அவுக ஆர்டருக்குத்தான் போட்டிருக்கு.”

பன்னிரண்டு வருடம். நான்கு பக்கம் கேட்டேன், அட்டையையே எடுத்துக்கொண்டீர்கள். அணிந்துரையில் விழுப்புரத்தையும் வேர்க்கடலையையும் எழுதி என்னைக் குளிர வைத்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. அந்த ஒரு இடத்தை 96இல் எடுத்தீர்கள். பிறகு என் கேள்வியை எடுத்தீர்கள். என் உதாரணத்தை எடுத்தீர்கள், அதற்கு என் பெயர்கூட இல்லை, ஊரின் பெயர். எனக்கென்று மிச்சமிருந்தது இந்த ஒன்று. அதுவும் உங்களுக்கு வேண்டியிருந்திருக்கிறது.

வெடி ஆபீஸ் வேனுக்குக் காத்து நிற்கிற வீட்டிலிருந்து வந்த பையனுக்கு, ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத பையனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அது என் முட்டாள்தனம். கொடுத்தவன் கையிலிருந்தே பிடுங்குவது சிலருக்குச் சுலபமாக வருகிறது.

வெளியீட்டு விழாவை ரத்து செய்துவிட்டேன்.

ஜெ. ஜெபசுந்தர்


கனடா
30.06.2025

சுந்தருக்கு,

உன் கடிதம் வந்ததும் ஜெயச்சந்திரனைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கொடுப்பதற்காக ஐந்நூறு பிரதிகள் ஆர்டர் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், என் புத்தகம் தானாக விற்காதா என்று நீ சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். வேறெதுவும் நான் செய்யவில்லை. எந்த அட்டையும் கேட்கவில்லை, எந்தப் படமும் அனுப்பவில்லை. அவர் காலண்டர் அடிக்கிறவர். ஆர்டர் கொடுப்பவரின் பெயரை மேலே பெரிதாகப் போடுவது அவர் தொழிலின் மரியாதை. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறார். படத்தை எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தாராம். மற்றப் பிரதிகளுக்கு அட்டையே இன்னும் அடிக்கவில்லை.

அந்த ஐந்நூறின் அட்டைகளையும் கிழித்துவிட்டு, உன் பெயர் மட்டும் உள்ள புது அட்டை போடச் சொல்லிவிட்டேன். அணிந்துரையையும் எடுத்துவிடச் சொன்னேன். முதலில் அவர் சம்மதிக்கவில்லை. நான்கு பக்கம் இல்லாமலே புத்தகம் நன்றாக இருக்கிறது, நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன். படித்தாரா என்று தெரியாது. அடிக்கிறேன் என்றார். இனி அது முழுக்க உன் புத்தகம்.

இது தவறுதலாக நடந்தது. இது சரியாகிவிடும். ஆனால் உன் கடிதம் தவறுதலாக எழுதப்பட்டது அல்ல. ஜெயச்சந்திரன் ஊருக்குத் திரும்பும்வரைகூட உன்னால் பொறுக்க முடியவில்லை. கேட்பதற்கு முன்பே உனக்கு விடை தெரிந்திருந்தது.

என் அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலையில் ஒரு விதி உண்டு. அன்றைக்குக் கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் ஈரம் பட்டுத் தானாகச் சூடேறும், யாரும் நெருப்பு வைக்க வேண்டாம். நீ 96இல் கலந்ததை இன்னும் வைத்திருக்கிறாய். உன் சீண்டல்களை நான் இத்தனை வருடம் ரசித்தேன். உலகத்திலேயே என் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறவன், குறை கண்டுபிடிக்கவாவது படிக்கிறவன், நீ ஒருவன்தான் என்பதால் ரசித்தேன். அதை நட்பு என்றே எண்ணிவிட்டேன்.

வேனுக்குக் காத்து நின்ற வீடுதான் எங்கள் வீடு. அதை நீ எழுதியதில் எனக்கு அவமானம் ஒன்றுமில்லை. விடுதியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் நீ அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தாய் என்பது மட்டும் எனக்கு இதுவரை தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பியூலாவுக்கு என் அன்பு.

பாண்டிராஜ்


விருதுநகர்
08.08.2025

அன்புள்ள பாண்டிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை என்று தொடங்கியிருந்தேன். அது பொய் என்பதால் கிழித்தேன்.

வேன் பற்றி எழுதிய வரிகளை நான் எழுதியிருக்கக் கூடாது. அவற்றைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. வேலை எதுவும் இல்லாமலே வாரம் இரண்டு தடவை ஏழாயிரம்பண்ணை வழியாகப் போகிறேன். வேனுக்கு நிற்கிறவர்களைப் பார்க்காமல் போகப் பழகியிருக்கிறேன். அம்மா வீட்டுக்குள் போகத் தைரியமில்லை. போன வாரம் வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். “இப்பம் அவன் அனுப்பலையாக்கும்” என்றார். இல்லை என்றேன். “அப்ப நீங்களா வந்திருக்கீக. உள்ள வாங்க” என்றார். போனேன். உன்னிடம் அவரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜெயச்சந்திரனிடம் நான் சண்டைக்குப் போனேன். அவருக்கு இன்றுவரை என்ன தவறு என்று விளங்கவில்லை.

“காலண்டர்ல யாரு ஆர்டர் குடுக்காகளோ அவுக பேருதான சார் மேல வரும்? சாமி படம் வரைஞ்சவன் பேர எவன் சார் போடுறான்? நான் ஒங்க பேரையாவது கீழ போட்டேன்.”

“இது காலண்டர் இல்லை” என்றேன்.

“அது தெரியுது சார். காலண்டர்னா இன்னேரம் வித்திருக்கும்.”

வீட்டுக்கு வந்து பியூலாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “கோட்டைச்சாமி ஒரு வார்த்த சொன்னான்னு முப்பது வருசத்தத் தூக்கிப் போட்டீகளே. நல்லது எதையாவது ஒங்ககிட்ட ஒருத்தன் சொன்னா இம்புட்டுச் சீக்கிரம் நம்புவீகளா?”

 

புத்தகம் வந்துவிட்டது. நீல அட்டை. முகப்பில் என் பெயர் மட்டும், பெரிதாக. உன் ஐந்நூறு பிரதிகளும் பள்ளிகளுக்குப் போய்விட்டன. நான் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது. அட்டையைத் திருப்பினால் தலைப்பு, பொருளடக்கம், உடனே முதல் அத்தியாயம். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில் வானம் விரிந்துகொண்டிருக்கிறது. யாருடைய கேள்வி, யார் யாரிடம் கேட்டது, எந்த ரயில் என்பது எங்கும் இல்லை.

ஆனால் பொருளடக்கத்தை மாற்ற ஜெயச்சந்திரன் மறந்துவிட்டார். முதல் வரியில் ‘அணிந்துரை’ என்றும், எதிரே உன் பெயரும் அப்படியே நிற்கின்றன. பக்கங்கள்தான் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவி பிரீத்திகா நேற்று வகுப்பில் எழுந்து கேட்டாள்: “சார், முன்னால ஏதோ விட்டுப்போயிருக்கு. பைண்டிங்ல தவறிருச்சா?” தவறவில்லை, எழுதியவர் திருப்பி எடுத்துக்கொண்டார் என்றேன். “ஏன் சார்?” என்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டியதில்லாத ஒன்றை அழித்தேன்.

பாண்டி, எனக்கு உன்மேல் பொறாமை இருக்கிறது. தீரும் என்று சொல்லமாட்டேன். காலையில் கணினியைத் திறந்ததும் உன் கொள்கை பொய்த்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பொய்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. உன் அணிந்துரையின் இரண்டாவது பத்தி என் புத்தகத்தில் நான் எழுதிய எதையும்விட நன்றாக இருக்கிறது. அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அன்றைக்கு நீளம் என்று எழுதினேன். நீளமில்லை.

அந்த நான்கு பக்கத்தைத் திருப்பிக் கொடு. முகப்பில் மாற்றமில்லை, அங்கே என் பெயர் மட்டும்தான். உன் பெயர் உள்ளே, மற்ற எழுத்துகளின் அளவில். இதற்கு மேல் என்னால் இறங்க முடியவில்லை. இவ்வளவு இறங்கியதே எனக்கு ஆச்சரியம்.

ஆடிப் பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிட்டன. ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. மீதிப் பிரதிகளைச் செப்டம்பர் நடுவுக்குள் கட்டி முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மிஷின் கிடைக்காது என்கிறார் ஜெயச்சந்திரன். அதற்குள் உன்னிடமிருந்து எதுவும் வராவிட்டால், பொருளடக்கத்தில் அந்த முதல் வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்,
சுந்தர்